கைகட்டி ஓட்டிய தாமோதரன்

காசிமேட்டுக் குப்பத்தில் பிறந்த ஆண்களுள் கடலைக் கண்டு வாந்தி எடுத்தவர் தாமோதரன் ஒருவர்தான். புயல் அடிக்க வேண்டும் என்பதில்லை. அலை உயர வேண்டும் என்பதுமில்லை. கட்டுமரம் கரையை விட்டு நகர்ந்ததும் அவர் முகம் வெளுக்கும். சற்று நேரத்தில் மற்றவை தாமாக நிகழும். அவருடைய தகப்பனார் முதலில் அதைப் பேய் என்றார். பிறகு பித்தம் என்றார். கடைசியில் பிள்ளையின் சுபாவம் என்று ஒப்புக்கொண்டு அவரைக் கரையிலேயே விட்டுவிட்டார்.

கரையில் விடப்பட்டவருக்குப் போர் கைகொடுத்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார். போர் முடிந்ததும் பட்டாளத்துச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. எண்ணூர் உப்பளத்தில் குத்தகை எடுத்திருந்த ஒருவர் அமெரிக்கப் பட்டாளத்து லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்தார். எடுத்தபின்தான் அதன் ஸ்டியரிங் சக்கரம் இடப்பக்கம் இருப்பதைக் கவனித்தார். பழகிய டிரைவர்கள் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்கள். தாமோதரன் அதுவரை எந்த வண்டியையும் ஓட்டியதில்லை. ஆகவே எந்தப் பக்கம் சரியான பக்கம் என்பது அவருக்குத் தெரியாது. அந்த அறியாமையே தகுதியாயிற்று. அந்த லாரியிலேயே ஓட்டக் கற்றார். அதிலேயே லைசென்சும் வாங்கினார். எண்ணூருக்கும் சால்ட் கோட்டர்ஸ் ரயில் கிடங்குக்கும் இடையே பல ஆண்டுகள் உப்பு ஏற்றிச் சென்றார்.

அந்த உப்பு லாரியைத் தின்றது. முதலில் மட்கார்டு போயிற்று. பின்பு கதவு போயிற்று. இறுதியில் காலடித் தகடும் போய், டிரைவர் ஓட்டிக்கொண்டே தமக்குக் கீழே ஓடும் சாலையைப் பார்க்கும் நிலை வந்தது. குத்தகைக்காரர் மிச்சத்தைப் பழைய இரும்புக்குப் போட்டார். இது நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றாம் ஆண்டு.

தாமோதரன் கலங்கியதற்குக் காரணம் அவருடைய மைத்துனர் ரகுபதி. மனைவி கோவிந்தம்மாவின் அண்ணனான அவருக்குச் சொந்தமாகக் கட்டுமரம் இருந்தது. அதில் ஓர் ஆள் குறைவாகவும் இருந்தது. லாரி போன செய்தி கேட்ட அன்றே அவர் வீடு தேடி வந்தார்.

“வண்டி பூட்சாமே மச்சான்? நல்லதாப் போச்சு. நம்ம மரத்துல வா. வாந்தி எடுத்துக்கினே வலைய இழு. மீனுக்கும் எரையாவும்.”

கோவிந்தம்மா அண்ணனுக்குச் சோறு போட்டாள். ஆனால் மறுநாளே மீன் கூடையை இறக்கி வைத்த வீடுகளிலெல்லாம் தன் கணவனுக்கு டிரைவர் வேலை இருக்கிறதா என்று விசாரித்தாள். அவ்வாறு விசாரித்த வீடுகளுள் ஒன்று வண்ணாரப்பேட்டையில் இருந்த தமீம் சாயபுவின் வீடு. சாயபு, துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் கயிறு, தார், பாய்த்துணி முதலியவற்றை விற்கும் வியாபாரி. இங்கிலாந்து நாட்டுக் கார் ஒன்றை அண்மையில் வாங்கியிருந்தார். அதன் பின்பக்க ஜன்னல்களுக்குத் தம் மனைவி ரசூல் பீவிக்காகப் பச்சைத் திரை போட்டிருந்தார். வேலை கிடைத்தது. கோவிந்தம்மா அதைக் கடற்கரை முழுவதும் அறிவித்துவிட்டாள். இனி அந்த வேலை போனால், கட்டுமரம் ஒன்றுதான் மிச்சம்.

இங்கே கியர் போடும் முறையைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். லாரிக்கும் காருக்கும் கியர்கள் ஒரே அமைப்பில்தான் இருந்தன. தண்டை இடப்புறம் தள்ளி முன்னே நகர்த்தினால் முதல் கியர்; அதற்கு நேர் பின்னே இரண்டாவது. வலப்புறம் தள்ளி முன்னே நகர்த்தினால் மூன்றாவது. அதற்குப் பின்னே நான்காவது. லாரியில் தாமோதரன் தண்டுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து வலக்கையால் கியர் மாற்றினார். ஆகையால் மூன்றாவது கியர் என்றால், தண்டைத் தம் உடம்பை விட்டு விலக்கி முன்னே தள்ளுவது என்று அவர் கை கற்றிருந்தது. காரிலோ அவர் தண்டுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தார். கியர் மாற்றியது இடக்கை. இங்கே உடம்பை விட்டு விலக்கி முன்னே தள்ளினால் விழுவது முதல் கியர்.

வண்டி நிற்கும்போது தாமோதரன் யோசித்துச் சரியாகப் போட்டுவிடுவார். ஓடும் வண்டியில் யோசிக்க நேரம் ஏது? கை தனக்குத் தெரிந்ததைச் செய்தது. மூன்றாவது கியருக்குப் போகவேண்டிய வேகத்தில் முதல் கியர் எளிதில் விழாது. பற்கள் கரகரவென்று எதிர்க்கும். உப்பு லாரியோடு மல்லுக்கட்டிய கைக்கு அந்த எதிர்ப்பு ஒரு பொருட்டாகவே படவில்லை. ஓர் அழுத்து அழுத்தும்; கியர் விழும். கிளட்சிலிருந்து காலை எடுத்ததும், விரைந்தோடும் சக்கரங்கள் எஞ்சினைப் பிடித்து அது பிறந்ததிலிருந்து சுழன்றிராத வேகத்தில் சுழற்றும். அப்போது எழும் ஓசையைக் கேட்டவர்கள், கழுத்தறுபடும் பிராணியின் ஓலம் என்று சிலரும், தண்டவாளம் இல்லாத இடத்தில் வந்த ரயில் என்று சிலரும் சொன்னார்கள். ஓசையோடு வண்டி தலைகுனிந்து நிற்கப் பார்க்கும்.

முதல் நாள் அது நடந்தபோது சாயபுவின் துருக்கித் தொப்பி மூக்குவரை இறங்கியது. ரசூல் பீவியின் வெற்றிலைப் பெட்டி பின் இருக்கையிலிருந்து பறந்து முன் இருக்கைக்கு வந்தது. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று தாமோதரன் சொன்னார். அடுத்த முறை காற்றில் உப்பு இருக்கிறது என்றார். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கூடை சுமந்து போகும் பெண்கள், ஓசை கேட்டதும் திரும்பிப் பாராமலே சாயபு வண்டி வருகிறது என்று ஓரம் ஒதுங்கத் தொடங்கினார்கள். ராயபுரத்தில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் லூயிஸ் எஞ்சினைத் திறந்து, வால்வுக் கம்பி ஒன்று வளைந்திருப்பதை எடுத்துக் காட்டினார். அதை இரண்டு விரலால் பிடித்துச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த சாயபு, பிறகு தாமோதரனிடம் கோபமே இல்லாமல் சொன்னார்.

“இன்னொரு தபா இந்த வண்டி கத்துச்சுன்னு வெச்சுக்க, எந்த எடமா இருந்தாலும் சரி, அங்கயே எறங்கி நடந்துக்கினே இரு. திரும்பி வர வேணாம்.”

அன்று முதல் வீட்டில் பயிற்சி தொடங்கியது. கோவிந்தம்மா மீன் கூடையைக் கவிழ்த்து, அதன் பின்னல் இடுக்கில் அகப்பைக் காம்பைச் செருகி, கணவனின் இடப்பக்கம் வைத்தாள். அவள் எண்ணைச் சொல்வாள். அவர் காம்பை நகர்த்துவார். எந்த எண்ணைச் சொன்னாலும் ஒரு தடவையும் தவறவில்லை.

“வூட்ல நல்லாத்தான்யா ஓட்ற,” என்றாள் அவள். “ரோட்ல எவன் ஓட்றான்?”

விடை, பாடத்திலிருந்து வரவில்லை. கெளுத்தி மீனிலிருந்து வந்தது. ஒருநாள் காலையில் மனைவியின் கூடையைத் தூக்கிவிடப் போனவரின் இடது உள்ளங்கையில் கெளுத்தி முள் ஏறிவிட்டது. கடுகடுவென்று விஷம் ஏறிக் கை பூரி போல் வீங்கியது, விரல்கள் மடங்கவில்லை. வேலைக்குப் போகாமல் இருக்க அவருக்குத் துணிவில்லை. ஆகவே வீங்கிய இடக்கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய், மணிக்கட்டை ஸ்டியரிங் சக்கரத்தின் வலப்புறம் மாட்டினார். வலக்கையை அதன்மேல் குறுக்காக நீட்டிக் கியர்த்தண்டைப் பற்றினார். இரண்டாவது கியரில் வண்டி வேகமெடுத்தது. மூன்றாவதுக்கு மாற்றவேண்டிய கணத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டதாகப் பின்னாளில் மனைவியிடம் சொன்னார். வலக்கை லாரியில் கற்றதை அப்படியே செய்தது. தண்டை வலப்புறம் தள்ளி முன்னே நகர்த்தியது. அந்தப் புறத்தில்தான் மூன்றாவது கியர் இருந்தது. வண்டி வெண்ணெயில் வழுக்கியதுபோல் போயிற்று.

வீக்கம் வற்றியபின்பும் தாமோதரன் அந்த நிலையை மாற்றவில்லை. கியர் மாற்றாத வேளையிலும் வலக்கையை அங்கிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் இடக்கை முந்திக்கொள்ளுமோ என்ற அச்சம். வலப்பக்கம் திரும்ப வேண்டி வந்தால் மட்டும் கையை விடுவித்து வெளியே நீட்டிச் சைகை காட்டிவிட்டு உடனே மீண்டும் குறுக்கே வைத்துக்கொள்வார். வண்டி அலறுவது நின்றது.

பின் இருக்கையிலிருந்து பார்த்த தமீம் சாயபுவுக்கு இது வேறு விதமாகத் தெரிந்தது. தமக்கு முன்னால் டிரைவர் இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, சற்றுக் குனிந்து, அடக்கமாக உட்கார்ந்திருந்தார். முதலாளிமுன் நிற்கும்போது கைகட்டும் வேலைக்காரர்களை அவர் கண்டதுண்டு. வண்டியை ஓட்டும்போதும் கைகட்டுபவரை அன்றுதான் கண்டார். கண்டிப்பு இவ்வளவு வேலை செய்யும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மறுவாரம் சுங்க அலுவலக வாசலில் வியாபாரிகள் கூடியிருந்தபோது, பேச்சைத் தாமே அந்தப் பக்கம் திருப்பினார்.

“நான் சொல்லவே இல்ல. அவனாத்தான் கட்டிக்கினான். வண்டி ஓட்றப்பகூட மரியாதைய வுட மாட்டேன்றான். நமக்கே கூச்சமா கீது.”

அவருக்குக் கூச்சமாக இருந்ததாக யாருக்கும் தோன்றவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களுள் மரவாடி ராமதாஸ் ஒருவர். தேக்கும் சவுக்கும் விற்பவர். சாயபுவிடம் எது இருந்தாலும் தம்மிடமும் இருக்க வேண்டும் என்று கருதுபவர். அன்று மாலையே அவர் தம் டிரைவரைக் கைகட்டி ஓட்டும்படி பணித்தார். அதைப் பார்த்து இன்னும் இரண்டு வியாபாரிகள் பணித்தார்கள். ராமதாஸின் டிரைவர், துறைமுக வாசலில் தாமோதரனை மடக்கினார்.

“இன்னா மாமு, உன்னால எங்க பொழப்பு பேஜாராப் போச்சு. நாளைக்கி நீ வாயப் பொத்திக்கினு ஓட்டுவே. நாங்களும் பொத்திக்கணுமா?”

தாமோதரன் உண்மையைச் சொல்ல முடியாமல் தலையைச் சொறிந்தார். அந்தச் சொறிதலும் அடக்கத்தின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது.

பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்த டிரைவர்கள் தொடக்கம் முதலே இடக்கையால் கியர் மாற்றிப் பழகியவர்கள். அவர்களுக்கு மூன்றாவது கியர் என்றால், தண்டை உடம்பின் உட்புறமாக இழுத்து முன்னே தள்ளுவது. அதே பாடத்தை வலக்கையால் செய்தபோது, கண்ணாடியில் தெரியும் உருவம்போல் இடம் வலமாக மாறி, முதல் கியர் விழுந்தது. தாமோதரனின் வண்டி மறந்துவிட்ட ஓலம் மற்ற வண்டிகளில் எழத் தொடங்கியது. கடற்கரைச் சாலையில் காலை வேளையில் ஒன்று அலறி ஓய்ந்தால் மற்றொன்று தொடங்கியது. லூயிஸ் பட்டறைக்கு வெளியே ஓலைப் பந்தல் போட்டு வண்டிகளை வரிசையில் நிறுத்த வேண்டியதாயிற்று. அவர் காரணம் எதுவும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வழக்கத்தைவிடப் பெரிய மெழுகுவர்த்தி ஏற்றினார்.

ராமதாஸின் வண்டி அத்தோடு நிற்கவில்லை. ஒருநாள் அதன் எஞ்சினுக்குள்ளிருந்த இரும்புத் தண்டு ஒன்று முறிந்து, பக்கவாட்டை உடைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. அவர் குதிரை வண்டியில் சாயபுவின் கடைக்கு வந்து இறங்கி, இந்தக் கைகட்டும் வழக்கம் வண்டிகளுக்கு ஆகாது என்றும், இதைத் தொடங்கிவைத்தவரே நிறுத்த வேண்டும் என்றும் நெடுநேரம் வாதாடினார். சாயபு நியாயவான். தம் பெருமையால் பிறர் வண்டி கெடுவதை அவர் விரும்பவில்லை. தாமோதரனை அழைத்து, மரியாதை மனத்தில் இருப்பது தமக்குத் தெரியும் என்றும், நாளை முதல் எல்லாரையும்போல் கையை எடுத்து ஓட்ட வேண்டும் என்றும் அன்போடு சொன்னார். வண்டி கெட்டுப்போன நண்பரை மறுநாள் எண்ணூருக்குத் தம் காரிலேயே அழைத்துச் செல்வதாகவும் சொன்னார். ரசூல் பீவியின் தங்கை வீடு அங்கே இருந்தது. ராமதாஸுக்கும் அந்தப் பக்கம் வேலை இருந்தது.

திட்டியிருந்தால் தாமோதரன் மறுமொழி சொல்லியிருப்பார். அன்பாகச் சொன்ன ஆணைக்குத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து கவிழ்த்த கூடையின் பக்கத்தில் உட்கார்ந்தார். செய்தி எப்படியோ ரகுபதிக்கும் எட்டியிருந்தது. அவர் தம்மிடம் இருந்தவற்றுள் இலேசான துடுப்பு ஒன்றைக் கொண்டுவந்து கதவோரம் சாத்திவிட்டுப் போனார்.

“சொல்லித் தொலையேன்யா,” என்றாள் கோவிந்தம்மா. “எடது கைக்கு வரலன்னு சொன்னா தலையவா எடுத்துடுவாரு?”

“மரியாத இல்லன்னு ஆயிடும்டி,” என்றார் அவர். “ஊரெல்லாம் சொல்லி வெச்சிக்கினு கீறாரு.”

மறுநாள் ராமதாஸ் முன் இருக்கையில் தாமோதரனுக்கு இடப்பக்கம் அமர்ந்தார். பின்னால் சாயபுவும், அன்று குறுக்கேயும் கட்டிய திரைக்குள் ரசூல் பீவியும். தாமோதரன் இடக்கையால் கியர் போட்டு வண்டியைக் கிளப்பினார். இரண்டாவது கியரோடு நிறுத்திக்கொண்டு நடைவேகத்தில் ஓட்டினார். மூன்றாவதைத் தொடாவிட்டால் தவறு நேராது என்பது அவர் கணக்கு. தொண்டியார்பேட்டைவரை அது பலித்தது. ஒரு மாட்டு வண்டி அவர்களை முந்திக்கொண்டு போனபோதுதான் சாயபு பொறுமையிழந்து, கொஞ்சம் வேகமாகப் போகலாமே என்றார்.

தாமோதரன் வேகம் கொடுத்தார். மூன்று, வலப்புறம், நம் பக்கம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். வாய் சொன்னதைக் கை கேட்கவில்லை. பற்கள் எதிர்த்தன; கை அழுத்தியது; அந்த வண்டி சில மாதங்களாக மறந்திருந்த ஓலம் எழுந்தது. ராமதாஸின் நெற்றி முன் கண்ணாடியை முத்தமிட்டு மீண்டது. சாயபுவின் தொப்பி பழைய இடத்துக்கு இறங்கியது. வண்டி நின்றது. தாமோதரன் எஞ்சினை அணைத்தார், கதவைத் திறந்தார், ஒரு காலைக் கீழே வைத்தார். இறங்கி நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது முன்னமே பேசப்பட்ட விஷயமல்லவா?

முதலில் பேசியவர் ராமதாஸ். நெற்றியைத் தடவிக்கொண்டே சாயபுவைத் திரும்பிப் பார்த்தார்.

“இன்னா சாயபு இது? கட்டினா என் வண்டி கத்துது. அவுத்தா உன் வண்டி கத்துது.”

விடை திரைக்குள்ளிருந்து வந்தது. வெளியார் முன்னிலையில் ரசூல் பீவி பேசுவது வழக்கமில்லை; ஆகவே அவர் கணவரிடம் சொல்வதுபோல், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“அவனைக் கையக் கட்டச் சொல்லுங்க. தங்கச்சி வூட்ல சோறு ஆறுது.”

தாமோதரன் சாயபுவைப் பார்த்தார். சாயபு தொப்பியை மேலே தள்ளிக்கொண்டு தலையசைத்தார். கீழே வைத்த காலை எடுத்துக்கொண்டு, கைகளைக் குறுக்கே வைத்து, வண்டியைக் கிளப்பினார் தாமோதரன். முதல், இரண்டு, மூன்று, நான்கு. எஞ்சின் முணுமுணுப்பைத் தவிர வேறு ஓசை எழவில்லை. ராமதாஸ் எண்ணூர்வரை சாலையைப் பார்க்கவில்லை. டிரைவரின் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது அவர் குரல் தாழ்ந்திருந்தது.

“ஒத்துக்கறேன் சாயபு. எங்க ஆளுங்க பண்ணது வேஷம். இது மனசுலேருந்து வருது. வண்டிக்கே தெரியுது.”

அவர் போனபின் சாயபு டிரைவரின் கைகளையும் கியர்த்தண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாமோதரனால் தாங்க முடியவில்லை. வண்டியின் பக்கத்தில் நின்று, லாரி, இடப்பக்கத்து ஸ்டியரிங், கெளுத்தி முள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். கைகட்டியது மரியாதைக்காக அல்ல என்று சொல்லும்போது மட்டும் தரையைப் பார்த்தார். பழக்கத்தால் அப்போதும் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றார்.

சாயபு, தம் மனைவி இருந்த திரையைப் பார்த்தார்.

“எனக்கு முன்னாடியே தெரியும்,” என்றது திரை. “எடது கை போனாக் கத்துது, வலது கை போனாக் கத்தல. பின்னாடி குந்திக்கினு வேற இன்னாத்தப் பாக்கறது?”

சாயபு சுங்க அலுவலக வாசலை நினைத்துக்கொண்டார்போலும். அங்கே தாம் பேசியவற்றையும், ராமதாஸ் நாளைக்கு அங்கே பேசப் போவதையும் அவர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். டிரைவரை அனுப்பிவிட்டால் ஏன் அனுப்பினீர் என்று கேட்பார்கள். அதற்குச் சொல்லத்தக்க விடை உலகத்தில் இல்லை.

“இத வேற யார்கிட்டயாவது சொல்லிக்கீறியா?”

“பொஞ்சாதிகிட்ட மட்டும், மொதலாளி.”

“அதோட வுட்று. ஆயுசுக்கும் கையக் கட்டிக்கினே ஓட்டு.”

அவ்வாறே ஓட்டினார். அதனால் வேலை நிலைத்தது. வேறொரு சங்கடமும் வந்தது. வண்டியே அறிந்துகொண்ட மரியாதைக்காரர் என்று பெயர் பரவிவிட்டபடியால், வண்டியை விட்டு இறங்கிய இடத்திலும் அந்தப் பெயரை அவர் காப்பாற்ற வேண்டியிருந்தது. டீக்கடையில் கால்மேல் கால் போட முடியவில்லை. பீடியை மறைவில்தான் பிடிக்க முடிந்தது. வேலை ஏன் போகவில்லை என்று ரகுபதி துருவித் துருவிக் கேட்டபோது, கொடுத்த வாக்கை மீற முடியாமல், எல்லாம் மரியாதையால்தான் என்றார்.

“மரியாதையா? உனுக்கா?” என்று கேட்டுவிட்டு, ரகுபதி துடுப்பை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

உண்மை தெரிந்தவள் கோவிந்தம்மா ஒருத்தி. அவளும் அதை வெளியே சொல்லவில்லை, சும்மாவும் விடவில்லை. அன்றிரவு சோற்றுத் தட்டின் முன் வந்து உட்கார்ந்த கணவனை, குழம்புச் சட்டியோடு நின்று ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஊருக்கெல்லாம் கட்ற. சோறு போட்றவளுக்குக் கட்ட மாட்டியா?”

தாமோதரன் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்ததும் கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டார். கோவிந்தம்மா பெரிய மீன் துண்டாகப் பார்த்துப் போட்டாள்.